வெள்ளம் வருமுன் கையில் இருக்க வேண்டிய பத்திரம்

(படுவான்கரையில் மீளக் குடியேறிய குடும்பங்களுக்கான தகவற் கூட்டத்தில், 2011 ஆவணி மாதம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2007 பங்குனியில் இந்தக் கரையை விட்டு வெறுங்கையோடு போனீர்கள். திரும்பி வந்து கொட்டில் போட்டு, பிறகு கல்வீடு எழுப்பி, கடன்பட்டு ஒரு மோட்டார் சைக்கிளோ லேண்ட்மாஸ்டரோ வாங்கினீர்கள். இந்த வருடம் தைப்பொங்கலுக்கு முன் வெள்ளம் வந்தது. மாசியில் மறுபடியும் வந்தது. கிழக்கிலும் மற்ற மாவட்டங்களிலுமாகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். பெரும்போக வேளாண்மை தண்ணீருக்குள் போனது.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு ஒரு தாயைச் சந்தித்தேன். கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகள். வீட்டின் பின்சுவர் இரண்டும் விழுந்துவிட்டன. “எனக்குக் கவலையில்லை, நான் காப்புறுதி கட்டியிருக்கிறன்” என்று பத்திரத்தை எடுத்துக் காட்டினார். இரண்டு வருடம் தவறாமல் பணம் கட்டியிருக்கிறார். ஆனால் பத்திரத்தில் தீயும் மின்னலும் மட்டுமே இருந்தன. வெள்ளம் என்ற சொல்லே இல்லை. பணம் வாங்க வந்தவர் “எல்லாத்துக்கும் இருக்கு” என்று சொன்னாராம். அவர் சொன்னதற்கு எழுத்து இல்லை. ஒரு சதமும் கிடைக்கவில்லை.

அந்த நிலை இங்கே இன்னொருவருக்கு வரக்கூடாது என்பதற்காகத்தான் இன்று பேசுகிறேன்.

காப்புறுதி என்றால் என்ன?

காப்புறுதி சீட்டுப் போன்றது அல்ல. சீட்டில் கட்டியது உங்கள் முறை வரும்போது திரும்பும். வீட்டுக்கும் வாகனத்துக்கும் கட்டும் காப்புறுதிப் பணம் அந்த வருடம் இழப்பு வராவிட்டால் திரும்பாது. ஆயிரம் பேர் கட்டுவதில் பத்துப் பேரின் இழப்பை ஈடு செய்கிறார்கள். ஆகவே இழந்தால் மறுபடி எழும்ப முடியாத பொருளுக்கு முதலில் கட்டுங்கள். தகரக் கொட்டிலுக்குப் பல நிறுவனங்கள் காப்புறுதி தரமாட்டா; தந்தாலும் கட்டணம் கூட. அப்படிப்பட்டவர்கள் அந்தக் காசை வீட்டு நிலத்தை உயர்த்தச் செலவழிப்பது நல்லது.

வயல் விடயம் வேறு. அதற்குக் கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபை உண்டு. உங்கள் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள்.

வீட்டுக்கு எடுக்கும்போது

முதலாவது, அடிப்படைப் பத்திரம் பெரும்பாலும் தீக்கும் மின்னலுக்குமே. வெள்ளம், புயல் இரண்டையும் மேலதிகக் கட்டணம் கட்டித்தான் சேர்க்க வேண்டும். 1978 கார்த்திகைச் சூறாவளியைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இரண்டையும் சேருங்கள். அவை பத்திரத்தில் எழுத்தில் இருக்கின்றனவா என்று விரலை வைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, வீட்டின் பெறுமதியைக் குறைத்து எழுதாதீர்கள். கட்டணம் குறையும் என்று பலர் இதைச் செய்கிறார்கள். உங்கள் வீட்டை மறுபடி கட்ட 8 இலட்சம் ரூபா வேண்டும், நீங்கள் 4 இலட்சத்துக்கு எழுதினீர்கள் என்று வைப்போம். வெள்ளத்தில் 2 இலட்சம் சேதம். பெறுமதியில் பாதிக்குத்தானே எழுதினீர்கள் என்று 1 இலட்சம்தான் தருவார்கள். அதிலும் ‘எக்ஸஸ்’ என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். அது ஒவ்வொரு இழப்பிலும் நீங்களே தாங்க வேண்டிய முதற்பங்கு. காணியின் விலையைச் சேர்க்க வேண்டாம். காணியை வெள்ளம் கொண்டு போகாது. கட்டடத்தையும் தளபாடத்தையும் தனித்தனியே எழுதுங்கள்.

மூன்றாவது, யாருடைய பெயரில்? நம் மட்டக்களப்பு வழக்கில் வீடுவளவு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். காணி அனுமதிப்பத்திரம் மனைவி பெயரில் இருக்க, காப்புறுதிப் படிவத்தில் கணவர் கையெழுத்து வைத்தால், நட்டஈடு கேட்கும் நாளில் “இது உங்கள் வீடா?” என்ற கேள்வி வரும். யாருடைய வீடோ அவருடைய பெயரிலேயே எடுங்கள். இடப்பெயர்வில் உறுதி, அனுமதிப்பத்திரம் தொலைந்தவர்கள் முதலில் கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் பிரதி எடுக்கும் வேலையைத் தொடங்குங்கள்.

நான்காவது, உண்மையை எழுதுங்கள். தையில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றிருந்தால் அதைச் சொல்லுங்கள். கட்டணம் கூடலாம், சில நிறுவனம் மறுக்கலாம். மறைத்துவிட்டுப் பிறகு பிடிபட்டால் முழு ஒப்பந்தமும் செல்லாமற் போகும்; கட்டிய காசும் போகும்.

வாகனத்துக்கு எடுக்கும்போது

மூன்றாம் தரப்புக் காப்புறுதி சட்டப்படி கட்டாயம். அது இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. உங்கள் வாகனத்தால் மற்றவருக்கு வரும் காயத்துக்கும் இழப்புக்குமே அது. உங்கள் சொந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கினால் அதிலிருந்து எதுவும் வராது. அதற்கு முழுமையான காப்புறுதி வேண்டும். அதிலும் இயற்கை அனர்த்தம் அடங்குமா, மேலதிகமாகச் சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.

லீசிங்கில் எடுத்த வண்டி என்றால் நட்டஈடு முதலில் லீசிங் நிறுவனத்தின் நிலுவைக்குப் போகும். மிச்சம்தான் உங்களுக்கு. இன்னும் ஒருவர் பெயரில் இருக்கும் வண்டியை வாங்கி ஓடுபவர்கள் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். உழவு இயந்திரப் பெட்டியில் ஆட்களை ஏற்றிப் போவது நம் ஊர்களில் வழக்கம். விவசாய வேலைக்கென்று எழுதிய பத்திரம் அந்த ஆட்களுக்குப் பொறுப்பேற்குமா என்று கட்டாயம் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீர்கள். என்ஜினுக்குள் தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணினால் உள்ளே உடையும். அந்தச் சேதத்தை உங்கள் கவனக்குறைவு என்று தள்ளிவிடுவார்கள். தள்ளிக்கொண்டு மேட்டுக்கு எடுத்துவிட்டு அறிவியுங்கள்.

யாரிடம் எடுப்பது?

முகவர் என்பவர் நிறுவனத்தின் சார்பில் வருபவர். தன் நிறுவனத்தின் பத்திரத்தையே அவர் விற்பார். தரகர் உங்கள் சார்பில் பல நிறுவனங்களிடம் விலை கேட்டுத் தருபவர். இருவருக்கும் தரகுப்பணம் நிறுவனத்திடமிருந்தே கிடைக்கிறது. அதில் பிழையில்லை, ஆனால் அதை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஒருவரிடம் மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். குறைந்தது இரண்டு நிறுவனங்களின் விலையையும் அடங்கும் ஆபத்துகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கட்டணம் குறைந்த பத்திரத்தில் வெள்ளம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

உள்ளூரில் இருப்பவரைத் தேடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தையில் வீதிகள் அறுந்தன. அப்போது மண்முனைத் துறையிலும் குருமண்வெளித் துறையிலும் பாதை ஓடினால்தான் நமக்கு அக்கரை என்றிருந்தது. தண்ணீர் நின்ற உயரத்தைச் சுவரில் நேரில் கண்ட ஒருவர், நிறுவனத்தோடு தமிழில் உங்களுக்காகப் பேசக்கூடிய ஒருவர், அந்த நேரத்தில் பெரிய உதவி. ஆனாலும் அவர் உறவுக்காரர் என்பதற்காகப் பத்திரத்தை வாசிக்காமல் விடாதீர்கள். நட்டஈடு தருவது நிறுவனம். அது பத்திரத்தில் உள்ளதற்கு மட்டுமே தரும்.

அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்:

1. நீங்கள் எந்த நிறுவனத்தில் அல்லது தரகர் நிறுவனத்தில் பதிவு பெற்றவர்? சான்றைக் காட்டுங்கள்.
2. வெள்ளம், புயல் இரண்டும் எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளன?
3. எவை அடங்காது?
4. எக்ஸஸ் எவ்வளவு?
5. இழப்பு வந்தால் எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும்? எந்த இலக்கத்துக்கு?
6. சென்ற தை வெள்ளத்தில் உங்களிடம் எடுத்தவர்களுக்கு நட்டஈடு கிடைத்ததா? அவர்களில் ஒருவரோடு பேசலாமா?

ஆறாவது கேள்விக்கு நேராகப் பதில் சொல்பவர்தான் நல்ல முகவர்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பணத்துக்கு நிறுவனத்தின் பற்றுச்சீட்டு வாங்குங்கள்; கொப்பியில் குறித்துக் கொடுப்பது பற்றுச்சீட்டு ஆகாது.

இழப்பு வந்தால்

உயிரைக் காப்பாற்றுங்கள், பிறகு அறிவியுங்கள். துப்புரவு செய்யுமுன் படம் எடுங்கள். தண்ணீர் நின்ற கோட்டைச் சுவரில் அழிக்காதீர்கள். கிராம சேவையாளரிடம் கடிதம் எடுங்கள். நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்க்கும்வரை உடைந்த பொருளை எறியாதீர்கள். நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிட்டு, அதிலும் தீராவிட்டால் கொழும்பிலுள்ள காப்புறுதி ஒம்புட்ஸ்மனுக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குமுறை அமைப்புக்கும் முறையிடலாம். கடிதம் எழுதத் தெரியாவிட்டால் எங்கள் வெளிக்கள உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள்.

பத்திரம், பற்றுச்சீட்டு, அடையாள அட்டைப் பிரதி எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, ஓடும்போது முதலில் கைக்கு வரும் இடத்தில் வையுங்கள். இன்னொரு பிரதியை எழுவான்கரையில் இருக்கும் ஓர் உறவினரிடம் கொடுங்கள்.

இப்போது ஆவணி. ஐப்பசியில் மழை இறங்கிவிடும். வெள்ளம் வாசலுக்கு வந்த பிறகு எந்த நிறுவனமும் காப்புறுதி தராது. ஏற்கெனவே பத்திரம் வைத்திருப்பவர்கள் இன்று இரவே அதை எடுத்து, வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கக் கஷ்டம் என்றால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுங்கள். அப்போதும் விளங்காவிட்டால் நாளைக்கு எங்களிடம் கொண்டு வாருங்கள், இருந்து வாசிப்போம்.