உயிர் முதலில், குடிசை பிறகு!

தோழர்களே!

2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் நம் மாமல்லபுரம் அருகேதான் கரையேறியது. அடுத்த புயலுக்குக் குடிசையை விட்டுக் கிளம்புவதா, இருப்பதா? "ஆடு என்னாவது, பாத்திரம் பண்டம் என்னாவது?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. ஆனால் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் விழுங்கியபோது இருட்டில் ஓட வழியில்லை.

ஆகவே பகலிலேயே கிளம்புவோம். முதியோரும் கர்ப்பிணிகளும் முதலில். ரேஷன் கார்டு, பட்டா, மருந்து நனையாமல் கட்டுவோம். ஆடுமாடுகளை மேட்டுக்கு ஓட்டுவோம். நடுவில் காற்று ஓய்ந்தால் ஏமாறக்கூடாது. அது புயலின் கண், பின்னாலேயே எதிர்க்காற்று வரும்.

முகாமில் சோறும் விளக்கும் கழிப்பிடமும் கேட்பது பிச்சையல்ல, உரிமை. இழந்த கூலியையும் குடிசையையும் சர்க்காரிடம் போராடிப் பெறலாம். போன உயிரை எந்தப் போராட்டத்தாலும் மீட்க முடியாது, தோழர்களே!