தேய்ந்த அச்சு



ஆடவர் நடுவே ஆடவருக்கு இணையாக உலவும் பெண்ணைத் தமிழ்த் திரை நெடுங்காலமாகவே காட்டி வருகிறது. 1937இல் வெளிவந்த ‘மின்னல் கொடி’யில் கே. டி. ருக்மணி ஏற்ற மோகினி, வீட்டை இழந்தவள். இறந்துபோகும் கொள்ளையன் ஒருவனின் பெயரையும் உடையையும் ஏற்ற பிறகே அவளால் ஆண்களிடையே நிற்க முடிந்தது. துணிவு அவளுடையது; பெயரோ அவனுடையது.

2018இல் அருண்ராஜா காமராஜ் இயக்கிய ‘கனா’வில் நிலைமை வேறு. ஐஸ்வர்யா ராஜேஷ் நடித்த கௌசல்யா, ஊர்ப் பையன்களோடு கிரிக்கெட் ஆடிப் பழகுகிறாள். வேடம் இல்லை, தன் பெயரோடு நிற்கிறாள். ஊரார் ஏச்சையும் தாயின் சினத்தையும் கடந்து இந்திய அணிக்குச் சென்றவள், உழவரான தந்தையின் துயரைத் தன் குரலிலேயே உலகுக்குச் சொல்கிறாள்.

81 ஆண்டுகளில் திரை இவ்வளவு தூரம் நடந்திருக்கிறது. நம் மொழி நடந்ததா? இத்தகைய பெண்ணைப் பழித்தால் ‘அடங்காப்பிடாரி’ என்கிறோம். புகழ்ந்தால் ‘ஆண்பிள்ளை போல’ என்கிறோம். புகழ்ச்சியிலும் அளவுகோல் ஆணே.

நாம் கூடியிருப்பது பீங்கான் செய்யும் விருத்தாசலத்தில். பலமுறை வார்த்தால் அச்சு தேயும். தேய்ந்த அச்சில் வார்த்த பொம்மைக்கு முகம் தெளியாது. இது நம் ஊர்த் தொழிலாளர் அறிந்த செய்தி. ‘ஆண்பிள்ளை போல’ என்பதும் அப்படித் தேய்ந்த அச்சுதான். அடுத்த பத்தாண்டுக்குள் நம் கவிஞர்கள் அவளுக்கென்று ஒரு சொல்லை வார்த்துத் தரவேண்டும். இதுவே என் வேண்டுகோள்.