சரிவுக்குள் ஒரு காலநிலை

இன்றைக்கு ஒரே ஒரு சொல்: கிளைமேட். நாம் காலநிலை என்கிறோம். கிரேக்கர் ‘கிளிமா’ என்றார்கள். அதற்குச் சரிவு, சாய்வு என்று பொருள். மழைக்கும் வெயிலுக்கும் சரிவு எங்கே வந்தது என்கிறீர்களா?

பூமி உருண்டை. வடக்கே போகப் போக வெயில் சாய்ந்து விழும், பகலின் நீளமும் மாறும். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் இருந்த தொலமி, ஆண்டின் மிக நீண்ட பகல் எத்தனை மணி என்று பார்த்து உலகத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்தார். ஒவ்வொரு பட்டையும் ஒரு கிளிமா. நம் இலங்கைத் தீவைத் தப்ரபேன் என்ற பெயரில் குறித்து, நிலநடுக்கோட்டையும் தாண்டும்படி பெரிதாகக் காட்டியவரும் அவர்தான். பெரிதாக்கியவரோடு நமக்கென்ன கோபம்!

அந்தப் பகல் கணக்கு நமக்கு அவ்வளவாக உதவாது. இரத்தினபுரியில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் முக்கால் மணி நேரந்தான் வித்தியாசம். ஆனால் வெறும் மலைச்சரிவு இருக்கிறதே, சப்ரகமுவ மாகாணத்தை ஆள்வதே அதுதான். மே மாதம் தென்மேல் பருவக்காற்று வந்து சிவனொளிபாத மலையின் மேற்குச் சரிவில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, கொட்டித் தீர்க்கிறது. இரத்தினபுரிக்கு ஆண்டில் 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை. அதே மாவட்டத்தில் பலாங்கொடை தாண்டி எம்பிலிப்பிட்டிய பக்கம் இறங்கினால், வயல்கள் உடவளவை நீர்த்தேக்கத்தை நம்பி நிற்கும்.

எட்டியாந்தோட்டைப் பக்கம் நான் புவியியல் படிப்பித்தபோது, பருவக்காற்றைப் பற்றிக் கேட்டேன். ஒரு பிள்ளை எழும்பி, “சேர், விடிய மழை புடிச்சா அம்மாவுக்குப் பால்வெட்டு இல்ல, பேரும் இல்ல” என்றாள். நகரத்து நேயர்களுக்காகச் சொல்கிறேன்: பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. நனைந்த பட்டையில் கத்தி வைத்தால், றப்பர்ப் பால் வெட்டுக்கோட்டில் ஓடாது. மரத்தோடு வழிந்து வீணாகும். சிரட்டையில் சேர்வது மழைத்தண்ணீர்தான். அந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளி போட்டேன்.

அதே மழையிடமிருந்து, சரிவில் கான் வெட்டி, கல்கட்டுக் கட்டித்தான் நம்மவர்கள் மண்ணைக் காத்தார்கள். அப்படியும் சில மழைக்கு மலை தாங்காது. 2016 மே 17இல் கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் மலைச்சரிவே இறங்கி ஊர்களை மூடியது.

நேரம் நெருங்கிவிட்டது. கிளினிக்கும் கிளைமாக்சும் இதே வேரில் பிறந்தவைதான். அவற்றை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். நாளை விடியும்போதாவது மழை விட்டிருக்கட்டும், பால்வெட்டப் போகிறவர்களுக்கு முழுப் பேர் விழட்டும்.