பாதியில் நிற்கும் படிப்பும் பறிபோகும் பணமும்



கல்வியின் பெருமையை எனக்கு முன் பேசியவர்கள் நிறையவே சொல்லிவிட்டார்கள். நான் காசுக் கணக்குப் பேசப் போகிறேன். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் கடை நடத்திப் பெயர் எடுத்தவர்கள் எங்கள் புங்குடுதீவார். கணக்கு எங்களுக்கு விளங்கும்.

ஒரு பொடியன் சாதாரண தரம் எழுதுகிறான். கணிதம் விழுந்துவிட்டது. வீட்டில் கஷ்டம், திரும்ப எழுதவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் நிற்கிறான். மாதக் கடைசியில் முதலாளி லாச்சியைத் திறந்து எண்ணிக் கொடுக்கிற காசுதான் அவன் சம்பளம். கையெழுத்தும் இல்லை, துண்டும் இல்லை. அவனோடு படித்தவள் உயர்தரம் சித்தியடைந்து ஒரு கம்பனியில் பதிவோடு வேலை செய்கிறாள். இரண்டு பேருக்கும் மாதம் 60,000 ரூபா என்றே வையுங்கள். அவளுடைய பெயரில் ஈ.பி.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதம் கட்ட வேண்டும், ஈ.டி.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். மாதம் 9,000 ரூபா. அவளுடைய பங்கு 8 வீதத்தையும் சேர்த்தால் மாதம் 13,800, வருசத்துக்கு 165,600 ரூபா சேமிப்பு. அவனுக்குச் சுழியம். சம்பளம் ஒன்றாக இருந்தாலே இப்படி. சம்பளமும் ஒன்றாக இருக்காது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வங்கியில் கடன் கேட்டுப் போனாலும் அவளிடம் சம்பளத் துண்டு கேட்பார்கள், அவனிடம் இரண்டு பிணையாளி கேட்பார்கள். தாதியர் பயிற்சி, முகாமைத்துவ உதவியாளர் வேலை, எதற்கு விண்ணப்பித்தாலும் கணிதப் பெறுபேறும் உயர்தரப் பெறுபேறும் வேண்டும்.

எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தது. சிறுபான்மை இனத்துப் பிள்ளைகளின் வாசலை அடைக்கிறார்கள் என்று கொதித்தோம். கொதித்தது நியாயம். ஆனால் பல்கலைக்கழக வாசலில் நின்று பேசிய நாங்கள், அந்த வாசல்வரை வந்தே சேராத பிள்ளையைப் பற்றிப் பேசவில்லை. இன்றைய முறையில், பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு, 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு.   எல்லாம் மாவட்டக் கணக்கு என்பதால் நெடுந்தீவுப் பிள்ளை நகரத்துப் பெரிய கல்லூரிப் பிள்ளையோடு ஒரே மாவட்ட ஒதுக்கீட்டுக்குள் போட்டி போடுகிறது. கடைசி பஸ்ஸை விட்டால், எங்கள் தீவை வேலணையோடு இணைக்கும் வாணர் தாம்போதி தாண்ட வழியில்லாத பெண்பிள்ளை, மாலை ரியூசனுக்கு எப்படி நிற்கும்? பெற்றோர் மறிக்கிறார்கள் என்று குறை சொல்லாதீர்கள். நானும் மறித்திருப்பேன்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோகும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும் ஒரே அளவாக இல்லை. குடிநீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் உரிமை வேண்டும் என்று எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971 இல் சத்தியாக்கிரகம் இருந்தது இந்தத் தீவிலேதான். சிறுபான்மைக்கு உரிமை கேட்கிற நாங்கள், எங்களுக்குள்ளேயே சிறுபான்மையாகக் கிடப்பவர்களின் பிள்ளைகளை முதலில் எண்ண வேண்டும்.

1991 இல் போரினால் ஊரே எழும்பிப் போனது. போனவர்கள் பாரிசிலும் சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் உழைத்து அனுப்பினார்கள். கோயில் கோபுரங்கள் எழுந்தன, நல்லது. ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகள் இந்த ஊருக்கு எத்தனை காலம் அனுப்புவார்கள்? ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்கும் பேரன் காசு கட்டுவான் என்று நம்புவது கணக்குத் தெரிந்தவர்கள் செய்கிற வேலை இல்லை. இங்கேயே மாதச் சம்பளம் எடுக்கிற ஐம்பது பேர் இருந்தால் கடை ஓடும், பஸ் ஓடும், பூட்டிக் கிடக்கிற வீடுகளில் சில திறக்கும்.

எல்லோரும் டொக்டராக வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 2017 இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டத்தில், சாதாரண தரத்தில் தவறிய பிள்ளையும் தொழிற்கல்விப் பிரிவில் படிப்பைத் தொடரலாம், தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழும் எடுக்கலாம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஓடுகிற படகுகளின் எஞ்சினைத் திருத்துகிற கை, சான்றிதழோடு எங்கள் பொடியனின் கையாக இருக்கட்டுமே.

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்து முன்வரிசையில் இருக்கும் உறவுகளே, மண்டபம் கட்டித் தாருங்கள் என்று கேட்க மாட்டேன். ஒரு கணித ஆசிரியருக்கு ஊரில் தங்க வீடும், பின்னேர வகுப்பு முடியப் பிள்ளைகளை ஏற்றிவர ஒரு வாகனமும் போதும். திரும்பிப் போக ரிக்கற் போட முன், அதிபரிடம் ஒருக்கால் போய் இந்த வருசம் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்த வீடு என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அந்த வீடுகளுக்கு ஒருமுறை நடந்து போங்கள்.