மூத்திரம் சொல்லும் சாட்சி



இன்று நான் பேசப்போகும் விஷயம் மூத்திரம். இதைக் கேட்டதும் சிலர் முகத்தைச் சுளிக்கின்றீர்கள். தாய்மார்கள் தலையைக் குனிகின்றீர்கள். இந்த வெட்கந்தான் நமது பெண்களை வாட்டி வதைக்கின்றது என்று சொல்லவே வந்திருக்கின்றேன்.

நீர் கழிக்கும்போது எரிச்சல், நிமிஷத்துக்கு நிமிஷம் போகவேண்டுமென்ற உணர்ச்சி, அடிவயிற்றில் வலி. இதை நீர்க்கடுப்பு என்கின்றோம். பெண்கள் இதை வெளியே சொல்வதில்லை. சொன்னாலோ, "உடம்புச் சூடு" என்பார் ஒருவர். "தெய்வக் குற்றம்" என்பார் மற்றொருவர். மந்திரித்த கயிறும் வந்து சேரும். என் குடும்பத்திலேயே ஒரு பெண் ஒரு வாரம் கயிற்றோடு இருந்தாள். பிறகு குளிர் சுரமும் விலாப்புற வலியும் கண்டன. கிருமி மூத்திரப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டதென்றார் வைத்தியர். கயிறு மட்டும் அறுபடாமல் இருந்தது!

இதற்குக் காரணம் யாது? பெரும்பாலும் நமது குடலில் வாழும் ஈ. கோலை என்னும் கிருமியே. எஷரிக் என்னும் வைத்தியர் 1885-இல் கண்டெழுதியது அது. பெண்களின் மூத்திரத் தாரை சுமார் 4 சென்டிமீட்டர் நீளமே. ஆகவே கிருமி எளிதில் ஏறிவிடுகின்றது. இதில் பாபமெங்கே? தெய்வமெங்கே?

மருந்து பூசிய ஒரு சிறு பட்டையை மூத்திரத்தில் நனைத்தால் இரண்டு நிமிஷத்தில் இரண்டு சாட்சிகள் பேசும். ஒன்று நைட்ரைட். மூத்திரத்திலுள்ள நைட்ரேட்டைக் கிருமிகள் நைட்ரைட்டாக மாற்றுகின்றன. பட்டை ரோஜா நிறமாகும். இந்த ரசாயனத்துக்கு மூலம் பீட்டர் கிரீஸ் 1879-இல் வெளியிட்ட முறை. மற்றொன்று, கிருமியோடு போராட வந்த வெள்ளை அணுக்களின் எஸ்டரேஸ் என்னும் பொருள். அதற்குப் பட்டை ஊதாவாகும்.

ஆனால் தோழர்களே, கயிற்றை அறுத்துவிட்டுப் பட்டையைச் சாமியாக்கிவிடாதீர்கள்! மூத்திரம் பையில் சுமார் 4 மணி நேரம் தங்கினால்தான் நைட்ரைட் நன்றாகத் தெரியும். சில கிருமிகள் அதை உண்டாக்குவதே இல்லை. கிருமியில்லாமல், கல்லினாலும் வெள்ளை அணுக்கள் வரும். சந்தேகமிருந்தால் மூத்திரத்தை வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கவேண்டும். எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்பது ஓரிரு நாளில் தெரியும்.

மேலும், முதியோர் பலருக்கு யாதொரு தொந்தரவுமின்றியே மூத்திரத்தில் கிருமி இருக்கும். அதற்கு மருந்து வேண்டியதில்லை. வீணாகக் கொடுத்தால் கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். கர்ப்பிணிகளுக்கோ தொந்தரவில்லாவிட்டாலும் மருந்து கொடுத்தாக வேண்டும்.

ஆகவே தாய்மார்களே, எரிச்சல் கண்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள். சுரம், நடுக்கம், விலாப்புற வலி, வாந்தி கண்டால் அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். ஆண்களே, "சூடு" என்று சொல்லித் தட்டிக்கழிக்காமல் அவர்களை அழைத்துச் செல்லுங்கள். வெட்கப்படவேண்டியது வியாதிக்காக அல்ல; அதை மறைக்கச் செய்த நமது அறியாமைக்காகவே.