புரிஞ்சுதா?

(வட்டார வள மையத்தில் நடைபெற்ற பட்டதாரி ஆசிரியர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"முன்னாள் மாணவர்களும் நாமும்" என்ற தலைப்பில் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நான் கணக்கு ஆசிரியை. பத்து நிமிடம் என்றால் பத்து நிமிடத்தில் முடிப்பேன் என்று நம்பித்தான் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். பார்க்கலாம்.

என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை படித்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்லப் போகிறேன். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். அப்பா விசைத்தறி ஓட்டுபவர். பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு. நீட் எழுதினாள், கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு முழுக்க ஜெர்மன் மொழி படித்தாள். ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு படிகள் ஏறி, இப்போது ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சியில் இருக்கிறாள்.

அங்கே இதை 'அவுஸ்பில்டுங்' என்கிறார்கள். மூன்று ஆண்டுப் படிப்பு. நம் ஊரில் படிப்பை முடித்த பிறகு பயிற்சிக்குப் போவோம். அங்கே முதல் ஆண்டிலிருந்தே படிப்பும் வார்டு வேலையும் மாறி மாறி வரும். வகுப்பறையில் 2,100 மணி நேரம், நோயாளிகளோடு 2,500 மணி நேரம். மாதச் சம்பளம் போல ஒரு தொகையும் உண்டு. முன்பு முதியோருக்குத் தனி, குழந்தைகளுக்குத் தனி, மற்றவர்களுக்குத் தனி என்று மூன்று படிப்புகள் இருந்தன. 2020-லிருந்து மூன்றையும் ஒரே படிப்பாக ஆக்கிவிட்டார்கள்.

அவள் வார்டுக்குள் போன முதல் சில வாரங்களைப் பற்றித்தான் நான் பேச வந்தேன். ஏனென்றால் அந்த வாரங்களில் நடந்த ஒரு தவறில் எனக்கும் பங்கு இருக்கிறது.

காலைப் பணி ஆறு மணிக்கு. நவம்பர் மாதத்தில் அந்த ஊரில் ஆறு மணி என்றால் நள்ளிரவு போல இருட்டு. முதல் வேலை, எழுந்திருக்க முடியாத நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, அதாவது ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிடுவது. நம் அரசு மருத்துவமனையில் இதை யார் செய்கிறார்கள்? கூட இருக்கும் அம்மாவோ, அக்காவோ, மருமகளோ. கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்திருப்பார்களே, அவர்கள். அங்கே அப்படி யாரும் இல்லை. சொந்தக்காரர்கள் பூவோடு வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது எல்லாம் செவிலியர் வேலை. பாடத்திட்டத்தில் உள்ள, தேர்வில் கேட்கப்படுகிற வேலை.

முதல் வாரம் அவள் எனக்கு அனுப்பிய குரல் பதிவில், "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்று இருந்தது. நான் சொல்லவில்லை. ஆனால் அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "இதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்று கேட்டிருக்கிறார். பிறகு இரண்டு நாள் போனே எடுக்கவில்லையாம். அதைச் சொல்லும்போதுதான் அவள் அழுதாள். வேலையைப் பற்றிச் சொல்லும்போது அழவில்லை.

வேலையில் அவளுக்கு வந்த முதல் திகைப்பு வேறு. பக்கவாதம் வந்து ஒரு கை சரியாக வராத ஒருவர். சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறிக்கொண்டிருந்தார். இவள் ஓடிப்போய்ப் போட்டுவிட்டாள். நம் வீட்டுப் பெண் பிள்ளை அப்படித்தானே செய்வாள்! பக்கத்தில் நின்ற பயிற்றுநர் மெதுவாகத் தடுத்திருக்கிறார். அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும், முடியாத இடத்தில் மட்டும் உன் கை போகட்டும் என்று. ஒரு பொத்தானுக்கு நான்கு நிமிடம் ஆனதாம். "சும்மா நிக்கறதுதான் டீச்சர் இங்க கஷ்டமான வேலை" என்றாள். எனக்கு உடனே கரும்பலகை முன்னால் சுண்ணக்கட்டியோடு விழித்து நிற்கும் பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கி நானே கணக்கை முடித்துவைக்கும் காட்சி நினைவுக்கு வந்தது. அதை விடுங்கள்.

இன்னொன்று. எண்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணியை இவள் பாசமாக 'ஓமா' என்று கூப்பிட்டுவிட்டாள். ஓமா என்றால் பாட்டி. நாம் பேருந்தில் முன்பின் தெரியாதவரைக்கூட 'பாட்டி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க' என்போம். அங்கே அது மரியாதைக் குறைவு. அவர் இவளுக்குப் பாட்டி இல்லை, ஒரு நோயாளி. குடும்பப் பெயரோடு 'ஃப்ராவ்' சேர்த்து, நம் 'நீங்கள்' போன்ற 'ஸீ' போட்டுத்தான் பேச வேண்டும். அறைக்குள் போகுமுன் கதவைத் தட்ட வேண்டும். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. ஆனால் திருத்தினார்.

அந்த அம்மாவை வைத்துத்தான் மற்றதும் நடந்தது.

ஜெர்மன் எண்கள் கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு வேடிக்கை. நாற்பத்தைந்து என்று நாம் பத்துகளை முன்னால் சொல்கிறோம். அவர்கள் 'ஐந்தும் நாற்பதும்' என்று ஒன்றுகளை முன்னால் சொல்வார்கள். ரத்த அழுத்தம் 145 என்று ஒருவர் வேகமாகச் சொன்னால், காதில் நூறு, ஐந்து, நாற்பது என்ற வரிசையில் விழும். கை 154 என்று எழுதத் துடிக்கும். இதை அவள் முன்பே படித்து, பயந்து, எச்சரிக்கையாக இருந்தாள். ஒரு முறைகூடத் தவறு வரவில்லை. தவறு வந்தது கடிகாரத்தில்.

'ஹால்ப்' என்றால் அரை. 'டிரை' என்றால் மூன்று. 'ஹால்ப் டிரை' என்றால் மணி என்ன? நம் மூளை உடனே மூன்றரை என்கிறது. இல்லை, இரண்டரை. மூன்றாவது மணி பாதி ஓடியிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. மூன்றாம் வகுப்பில் பாதி ஆண்டு முடித்த பிள்ளை எத்தனை ஆண்டு படித்திருக்கிறது? இரண்டரை ஆண்டுதானே? அப்படி. லைப்சிக் பக்கத்தில் 'கால் மூன்று', 'முக்கால் மூன்று' என்றும் சொல்வார்களாம். முறையே இரண்டேகால், இரண்டேமுக்கால். தப்பே இல்லாத கணக்கு. ஆனால் நம் பழக்கத்துக்கு நேர் எதிர்.

இது அவளுக்குத் தெரியாததல்ல. முதல் படியிலேயே நடத்தியிருக்கிறார்கள். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறாள். ஆனால் வார்டில் தொலைபேசி அடிக்க, இன்னொரு கட்டிலில் மணி ஒலிக்க, ஒரு செவிலியர் நடந்துகொண்டே ஏழெட்டு விஷயங்களைச் சொல்லிவிட்டு, அந்த அம்மாவை 'ஹால்ப் டிரை'க்கு எண்டோஸ்கோபி அறைக்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்று சொல்லி, "புரிந்ததா?" என்று கேட்டிருக்கிறார்.

இவள் "யா" என்றாள். யா என்றால் ஆமாம்.

இரண்டே முக்காலுக்கு எண்டோஸ்கோபி அறையிலிருந்து தொலைபேசி வந்தது, நோயாளி எங்கே என்று. அதற்குள் அடுத்தவரை உள்ளே எடுத்துவிட்டார்கள். முந்தின இரவிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் இருந்த அந்த அம்மா, தன் முறை மறுபடி வர ஐந்து மணி வரை பசியோடு காத்திருந்தார். பெரிய ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் எண்பது வயதுக்காரர். இவளால் பசியில் கிடந்தார்.

அன்று இரவு எனக்கு அழைப்பு வந்தபோது நம் கணக்கில் பன்னிரண்டரை மணி. குளிர்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் நான்கரை மணி நேர வித்தியாசம். நான் ஆறுதல் சொன்னேன், மொழி போகப் போக வந்துவிடும் என்று. அவள் சொன்னாள்: "மொழி இல்ல டீச்சர். ஹால்ப்னு கேட்டப்பவே எனக்குச் சந்தேகம் வந்துச்சு. திருப்பிக் கேட்க வாய் வரல. புரிஞ்சுதான்னு கேட்டா ஆமான்னு சொல்லித்தானே பழக்கம்."

எந்தப் பழக்கம் என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

ஐந்து ஆண்டுகள் நான் அந்தப் பிள்ளையின் வகுப்பில் நின்று, கணக்கைப் போட்டு முடித்து, கையைத் தட்டிவிட்டுத் திரும்பி, "புரிஞ்சுதா?" என்று கேட்டிருக்கிறேன். "புரிஞ்சுது டீச்சர்" என்று நாற்பது குரல் ஒரே ராகத்தில் வரும். அதில் அவள் குரலும் உண்டு. அந்தக் கேள்வி பதிலை எதிர்பார்த்துக் கேட்டதல்ல. மணி அடிக்கப் போகிறது, பாடத்தை முடிக்க வேண்டும், அதற்கான அறிவிப்பு. என்றைக்காவது ஒரு பிள்ளை "புரியல டீச்சர்" என்றால் என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்கே தெரியும். அவளைப் பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் "ரொம்ப அமைதியான பிள்ளை, ஒரு தொந்தரவும் இல்லை" என்று பாராட்டியிருக்கிறேன்.

மறுநாள் அங்கே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சிச் சட்டப்படி, வார்டு நேரத்தில் குறைந்தது 10 சதவீதம், அதாவது 250 மணி நேரம், இதற்கென்றே பயிற்சி பெற்ற ஒருவர் மாணவரோடு கூடவே இருந்து சொல்லித்தர வேண்டும். எங்கள் காலத்தில் ஓராண்டு பி.எட். கற்பித்தல் பயிற்சிக்குப் போன பள்ளியில் வழிகாட்டி ஆசிரியர் முதல் நாளே பாடப்புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு ஓய்வறைக்குப் போனவர், கடைசி நாள் கையெழுத்துப் போடத்தான் வந்தார். அதனால் இந்த 250 மணி நேரம் என்பது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. அந்தப் பயிற்றுநர் இவளைத் தனியாக உட்காரவைத்து, "ஏன் தாமதம்?" என்று கேட்கவில்லை. "அவர் சொன்னபோது உன் காதில் என்ன விழுந்தது?" என்று கேட்டார். இவள் கடிகாரம் வரைந்து காட்டினாள். அவர் சிரித்துவிட்டு, இனி யார் எதைச் சொன்னாலும் 'யா' என்று சொல்லாதே, கேட்டதைத் திருப்பிச் சொல் என்றார். "இரண்டு முப்பதுக்கு, எண்டோஸ்கோபி, சரியா?" இப்படி. மருந்தோ, அளவோ, நேரமோ, திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது அங்கே மூத்த செவிலியர்களுக்கும் உள்ள பழக்கம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனாள். அவர், உங்கள் மொழியில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். "மூணரை" என்றாளாம். வீட்டுக்குப் போகும்வரை தினமும் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி இவளிடம் மணி கேட்டார் அந்த அம்மா.

என் வகுப்புக்கு வருகிறேன். "புரிஞ்சுதா?" என்பதை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சொல்வது சுலபம். இருபது வருட நாக்கு! முதல் வாரம் எட்டாம் வகுப்பில் ஒரு பாடவேளையில் எத்தனை முறை கேட்கிறேன் என்று ஒரு மாணவனை எண்ணச் சொன்னேன். பதினேழு. இப்போது கணக்கைப் போட்டதும் யாராவது ஒருவரை எழுப்பி, "நான் இப்ப என்ன செஞ்சேன், சொல்லு" என்கிறேன். முதலில் பயந்தார்கள், மாட்டிக்கொண்டது போல. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளே திணறினார்கள். அதில் எனக்குத்தான் அதிர்ச்சி. பாடம் மெதுவாகப் போகிறது என்பதும் உண்மை. போன பருவத்தில் ஒரு பாடத்தைக் கடைசியில் அவசரமாக ஓட்டினேன். அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. இதற்கு என்னிடம் தீர்வு இல்லை. யாரிடமாவது இருந்தால் தேநீர் இடைவேளையில் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு தகவல். இப்படிப் போக முடியுமா என்று உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். முதலில் மொழி. பி1 போதும் என்பவர்களை நம்பிக் கிளம்ப வேண்டாம், பி2 முடித்துவிட்டே வார்டில் இவள் பட்ட பாட்டைக் கேட்டீர்கள். மருத்துவமனையோடு போடும் பயிற்சி ஒப்பந்தத்தைக் கண்ணால் பார்க்காமல் எந்த முகவரிடமும் பணம் கட்டக் கூடாது. ஒப்பந்தம் ஜெர்மனில் இருந்தால் வரிக்கு வரி பொருள் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வேலையில் குளிப்பாட்டுவதும் உண்டு என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே, நாமே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. நான் அதைச் செய்யவில்லை.

அவள் அப்பா இப்போது போன் எடுக்கிறார். போன மாதம் தறிப்பட்டறையில் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தார். வீடியோ அழைப்பில், வீங்கிய கையை எப்படித் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், சட்டையை எந்தக் கையில் முதலில் மாட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அடிபட்ட கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டுமாம். பொத்தானை அவரையே போடச் சொன்னாளாம்.

ஒருங்கிணைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். மணி மூன்றரை. அவள் கணக்கில் 'அரை நான்கு'.