தளிரும் மீட்பும்: திருவருகைக் கால வாசகங்கள் பற்றிச் சில எண்ணங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகச் சங்கப் பாடலும் சமயப் பாடலும் புதுக்கவிதையும் பேசப்பட்ட அவை இது. திருவருகைக் காலத்து முதல் ஞாயிறன்று தேவாலயங்களில் படிக்கப்பெறும் விவிலிய வாசகங்களைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இதனைச் சமயச் சொற்பொழிவாகக் கொள்ளாமல், சில சொற்களைப் பற்றிய உரையாகக் கொள்ள வேண்டுகிறேன்.

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். திருச்சபைக்கு ஆண்டு பிறப்பது சனவரியில் அன்று; இக்காலத்தில்தான். ஆண்டின் முதல் நாள் என்றால் வாழ்த்தையும் இனிப்பையும் எதிர்பார்க்கிறோம். இங்கோ அன்றைக்கே உலக முடிவைப் பற்றிய பேச்சு! குழந்தை பிறக்கவிருக்கும் வீட்டு வாசலில் இடி முழங்குவது போன்ற முரண் இது. கவிஞர்களுக்கு இம்முரண் புதிதன்று. கார்காலத்து இடியும் தலைவன் வரவும் ஒரே பாட்டில் வரும் மரபு நம்முடையது.

கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் வகுத்த முறைப்படி மத்தேயு, மாற்கு, லூக்கா என மூவரின் நற்செய்திகளும் ஆண்டுக்கொன்றாகச் சுழன்று வருகின்றன. 2024 டிசம்பர் 1ஆம் நாள் லூக்கா ஆண்டின் முதல் ஞாயிறு. அன்றைய நற்செய்தி 21ஆம் அதிகாரம். கடலும் அலையும் முழங்க, மக்களினங்கள் கலங்கி நிற்கும் என்பது அதன் தொடக்கம். அதற்கு முந்திய இரவில்தான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்திருந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை. அந்த ஞாயிறு மாலையே திருவண்ணாமலையில் மலைச்சரிந்து எழுவர் மண்ணுக்குள் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஏறத்தாழ 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை திருக்கோவலூரைக் கடந்து கடலூர் நோக்கிப் பெருகியது. அந்த வாசகத்தை அன்றைக்கென்று எவரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் வகுத்த பட்டியல் தன் முறைப்படி வந்து நின்றது, அவ்வளவே.

ஆயினும் புயலைக் காட்டி, இதோ சொன்னது பலித்தது என்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. லூக்காவுக்கே அதில் உடன்பாடில்லை என்பேன். அவருடைய 13ஆம் அதிகாரத்தில் சீலோவாமில் ஒரு கோபுரம் இடிந்து பதினெண்மர் இறந்த செய்தி வருகிறது. இறந்தவர் மற்றவரைவிடப் பாவிகளோ என்ற கேள்விக்கு இயேசு இல்லையென்றே விடை தருகிறார்.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அதே ஞாயிற்று வாசகத்தின் பிற்பகுதி குடிவெறியைப் பற்றி எச்சரிக்கிறது. கள்ளக்குறிச்சியில், அந்த ஆண்டில், அந்த வரி! 2024 சூன் மாதம் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டு அப்போது ஆறு மாதங்கூட நிறையவில்லை. பிழைத்தவருள் சிலருக்குப் பார்வை போயிற்று. தாயையும் தந்தையையும் ஒருசேர இழந்த பிள்ளைகளும் உண்டு. அவ்வரியை இறந்தவர் மீது வீசுவது எளிது. ஆனால் வரி அங்கு முடியவில்லை. குடிவெறியும் களியாட்டமும் மட்டுமன்று, இவ்வுலக வாழ்வின் கவலைகளும் நெஞ்சைப் பாரமாக்கும் என்று ஒரே மூச்சில் சொல்கிறார் லூக்கா. கூலி வேலையும், வட்டிக் கடனும், உடல்வலியும் அக்கவலைகளுள் அடங்கா என்றால் வேறு எவை அடங்கும்? வரியின் முதற்பாதியை மட்டும் படிப்பவர் அதனைப் படித்தவராகார். யாப்பறிந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுவாயைப் பிடித்துக்கொண்டு பயனிலையை விட்டவன் பொருள் கொள்ள முடியுமா?

எச்சரிக்கைக்கு முன்னதாகவே ஓர் ஆறுதலும் உண்டு. இவையெல்லாம் நிகழும்போது குனியாமல் நிமிர்ந்து தலையை உயர்த்துங்கள், மீட்பு அண்மையில் இருக்கிறது என்பது அதன் கருத்து. பழைய மொழிபெயர்ப்பிலும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியத்திலும் சொல் ஒன்றுதான்: மீட்பு. விலை கொடுத்து விடுவிப்பது என்பது மூலமாகிய கிரேக்கச் சொல்லின் உட்பொருள். நம் தமிழ்ச் சொல்லோ அதனினும் விரிந்தது. வெள்ளத்தில் படகோடு வருபவர் மீட்புப் படையினர். அடகு வைத்த தாலியைத் திருப்புவது மீட்பது. கொத்தடிமையை விடுவிப்பதும் மீட்பே. விண்ணுலகச் சொல்லென்று நாம் ஒதுக்கி வைத்தது, டிசம்பர் முதல் வாரத்தில் நம் மாவட்டமெங்கும் நடமாடியது.

நிமிர்ந்து நிற்றல் என்றதும் எனக்குத் திருக்கோவலூர் இடைகழி நினைவுக்கு வருகிறது. மழை பெய்த இரவு. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம். பொய்கையாரும் பூதத்தாரும் பேயாரும் நின்றபடியே நெருக்குண்டார்கள். அந்நெருக்கத்தில் நாலாமவன் வந்ததை உணர்ந்தார்கள் என்பது வைணவ மரபு. இரண்டு சமயங்களின் கதைகளையும் ஒன்றாக்குவது என் நோக்கமன்று. ஆனால் லூக்காவின் பகுதியும் விழித்திருந்து நிற்க வல்லவராகுங்கள் என்றுதான் முடிகிறது. மழையிரவில் இடம் போதாமல் நிற்பவரிடத்தே வருகை நிகழும் என்பதைத் தமிழ் முன்பே அறிந்திருந்தது.

எரேமியாவுக்கு வருகிறேன். அன்றைய முதல் வாசகம் அவருடைய 33ஆம் அதிகாரம். தாவீதின் குலத்தில் நீதியின் தளிர் ஒன்று முளைக்கும் என்பது வாக்கு. பழைய மொழிபெயர்ப்பு அதனைக் கிளை என்றது. எனக்குத் தளிரே உகந்தது. முளைத்தெழுவது என்பதே எபிரேய மூலத்தின் பொருள். கிளைக்கு மரம் நின்றாக வேண்டும், தளிர் வெட்டுண்ட கட்டையிலிருந்தும் வரும். சொன்னவர் இருந்த இடமோ காவற்கூடம். நகரைச் சுற்றிப் பாபிலோனியப் படை. அதற்கு முந்திய அதிகாரத்தில் அவர் செய்த காரியம்தான் வியப்பு. பகைவர் கையில் விழவிருக்கும் ஆனதோத்தில் பதினேழு செக்கேல் வெள்ளி கொடுத்து ஒரு நிலம் வாங்குகிறார்! சாட்சிகள் கையெழுத்திட, பத்திரத்தை நெடுநாள் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கச் சொல்கிறார்.

கல்வராயன் மலையில் இருந்து வந்திருக்கும் இளங்கவிஞர்கள் இப்பகுதியை ஒருமுறை படிக்க வேண்டும். அம்மலை 1976 வரை சாகீர்தார்கள் கையில் இருந்தது. சாராயச் சாவுகளுக்குப் பின் 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அம்மலை மக்களின் நிலை பற்றிய வழக்கைக் கையிலெடுத்தது. நிலத்துக்கு ஓர் ஆவணம் என்பது என்ன என்று மலைவாழ் மக்களைவிட அறிந்தவர் யார்? தளிரைப் பற்றி எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். அந்த மண்பாண்டத்துப் பத்திரத்தைப் பற்றி இன்னும் ஒரு தமிழ்க் கவிதையும் என் கண்ணில் படவில்லை.